லைட்டு எரியிற வரைக்கும்

வெள்ளிக்கிழமை காலை மரகதம் துப்பியது ரத்தம். அதைத் தெருவே பார்க்கும்படி துப்பினாள் என்பதுதான் விஷயம்.

வீட்டுக்குள் வாஷ்பேசின் இருந்தது. போன தீபாவளிக்கு மகன் அன்பு புதிதாகப் போட்டுக் கொடுத்தது. அதை விட்டுவிட்டு வாசல் குழாயடிக்கு வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, எதிர் வீட்டு லூர்தம்மாள் பால் பாக்கெட்டோடு கேட்டைத் திறக்கிற நேரம் பார்த்துக் குனிந்தாள்.

“ஐயய்ய, இன்னா மரகதம்! ரத்தமா கீது!”

“இன்னா பண்றது லூர்து. எம்மருமவ ஆசை ஆசையா வாங்கியாந்து குடுத்தா பாரு ஒரு மிஷினு, அதோட வேல. பல்ல வெளக்குன்னா வாயக் கொத்துக்கறி போடுது.”

சமையலறையில் தோசைக் கரண்டியோடு நின்ற முத்துச்செல்விக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்கட்டும் என்றுதானே சொன்னது. கல்லில் கிடந்த தோசை ஒரு பக்கம் கருகிவிட்டது. அதை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

வடக்குப்பட்டில் அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கியிருந்தவள், ஒரகடத்துக் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் அன்பைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். மரகதம் தன் அண்ணன் மகளைத்தான் மருமகளாக நினைத்து வைத்திருந்தாள். அன்று ஏறிய கோபம் இன்றுவரை இறங்கவில்லை. இறக்கி வைக்க அவள் முயற்சி செய்ததாகவும் தெரியவில்லை.

இதெல்லாம் போன வாரம் ஆரம்பித்தது. மரகதத்தின் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆட ஆரம்பித்தன. பல் டாக்டரம்மா விரலால் தொட்டதுமே ஈறில் ரத்தம் வந்தது.

“பாத்திரம் தேய்க்கிற மாதிரி பல்லைத் தேய்ச்சிருக்கீங்க. ஈறு கீழ இறங்கிடுச்சு, சர்க்கரை வேற இருக்கு,” என்றாள் டாக்டரம்மா. “ஒரு மாசம் மெதுவாத் தேய்ச்சு ஈறு கெட்டிப்பட்டா பல்லு நிக்கும். இல்லன்னா ரெண்டையும் எடுத்துடணும். கை சொன்ன பேச்சு கேக்காதுன்னா எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கிக்கோங்க. அதுவே சுத்தும். நீங்க சும்மா பிடிச்சாப் போதும்.”

அன்று சாயங்காலமே மரகதம் குன்றத்தூரில் இருக்கும் மகள் சுகப்பிரியாவுக்குப் போன் போட்டாள். “மருமவ வந்த நேரம், பல்லு கூட என்ன வுட்டுக் கெளம்புதுடி,” என்றாள். முத்துச்செல்வி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே அவள் அந்த பிரஷ்ஷைப் பாசத்தில் வாங்கினாள் என்று யாரும் கண் கலங்க வேண்டாம். மாமியாரின் வாயை அடைக்க வாங்கினாள். அடைத்தே தீர வேண்டிய அவசரமும் அவளுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா ஐயனார் வருகிறார்.

இரண்டு வருஷமாக மகளோடு பேசாதவர். போன மாதம்தான் மனம் இறங்கி, “உங்க மாமியா அவிய வாயால வாங்கன்னு ஒரு சொல்லு சொல்லட்டும், வாரேன்,” என்றார். முத்துச்செல்வி ஒரு வாரம் கெஞ்சி, அன்பு ஒரு நாள் கெஞ்சி, மரகதம் போனை வாங்கி ‘வாங்க’ என்று அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அது போதுமாயிருந்தது. காலையில் வந்து இறங்கி, வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு, மதியம் இந்த வீட்டில் கை நனைப்பதாக ஏற்பாடு.

சம்பந்தியம்மாள் நின்று வரவேற்காத வீட்டில் ஐயனார் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். ரோஷத்தில் அவர் ஊருக்கே பெயர் போனவர். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மரகதம் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருந்தாக வேண்டும். முத்துச்செல்விக்கு இப்போது உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கடையில் அப்படி மெனக்கெட்டாள். கடைப்பையன் வரிசையாக எடுத்து வைத்து, “எல்லாமே நல்லா ஓடும் மேடம்,” என்றான். ஓடுவதற்கு அவள் என்ன ஸ்கூட்டரா வாங்க வந்தாள்? ஒவ்வொன்றின் நாரையும் கையின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தாள். ஒன்று தேங்காய் நார். ஒன்றின் தலை நீளம். மரகதத்துக்குப் பேச்சில்தான் பெரிய வாய், அளவில் சின்னது. கீழ்ப் பல்லின் உள்பக்கம் அந்த நீளம் திரும்பாது.

கடைசியில் சின்ன வட்டத் தலை, பட்டு மாதிரி நார், ஈறு நோகிறவர்களுக்கென்று மெதுவாகச் சுற்றும் ஒரு வேகம், இதெல்லாம் உள்ள ஒன்றை எடுத்தாள். அதன் கழுத்தில் ஒரு சின்ன லைட்டு இருந்தது. கை அழுத்தினால் அது சிவப்பாக எரியும், அதிகமாக அழுத்துகிறாய், கையை விடு என்று அர்த்தம். பாத்திரம் தேய்க்கிற கைக்கு இதுதான் சரியான காவல் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை காலை அதை மரகதத்தின் கையில் கொடுத்தபோது தெளிவாகச் சொன்னாள். “லைட்டு எரியப்பிடாது அத்தை. எரிஞ்சா கைய லேசா விட்ருங்க.”

மரகதம் கொட்டாவி விட்டாள். அதைச் சம்மதம் என்று முத்துச்செல்வி எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாளில் ரத்தம் குறையவில்லை, கூடியது.

நைட் ஷிப்ட் முடிந்து அன்பு வந்தபோது இட்டிலிக் குண்டானைக் கழுவியபடியே அவனிடம் சொன்னாள். “என்னங்க, அத்தைக்கி ரத்தம் இப்பம் ரொம்ப வருது. டாக்டரம்மாட்ட ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்.”

“பழகிக்கும் வுடு. புது பிரஷ்ஷு, அப்படித்தான்.”

“மதினிக்கிப் போன் போட்டுட்டாவ போல. உங்க அக்கா வந்தா அத்தைய கூட்டிட்டுப் போயிருவாவ. ஞாயித்துக்கிழம எங்கப்பா…”

“தூக்கம் வருது செல்வி. எழுந்து பேசிக்கறேன்.”

சட்டையைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துவிட்டான். அவள் வாஷ்பேசின் மேல் இருந்த பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தாள். மூன்றே நாளில் நார்கள் நாலாபக்கமும் விரிந்து, பழைய துடைப்பம் போலக் கிடந்தன. ஒரு நிமிஷம் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. தப்பான சாமானை எடுத்துவிட்டோமா? கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?

பத்து மணிக்கு மேல் சுகப்பிரியா வந்தாள். ஸ்கூட்டியை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே நுழைந்தாள். கையில் ஒரு பெரிய கட்டைப்பை, காலியாக. அதைப் பார்த்ததுமே முத்துச்செல்விக்குப் புரிந்துவிட்டது.

“வாங்க மதினி. காபி போடட்டா?”

“மதினியும் வேணா, காபியும் வேணா. ரெண்டு வருஷமாச்சு, அண்ணின்னு கூப்புட வாய் வரல பாரு.” ஹெல்மெட்டைக் கழற்றி டி.வி. மேசையில் வைத்தாள். “எங்கம்மா எங்க?”

மரகதம் கட்டிலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே கன்னத்தோடு முறுக்கு கடித்தவள். சுகப்பிரியா போன் லைட்டை அடித்து வாய்க்குள் பார்த்தாள். பார்த்த முகம் மாறியது.

“ஐயோ, ஈறெல்லாம் வீங்கிக்கினு கீது! யம்மா, நீ கெளம்பு. எங்கூட்ல வந்து ஒரு மாசம் இரு. இங்க இருந்தீன்னா பல்லு மட்டுமில்ல, நீயே மிஞ்ச மாட்ட.” பிறகு திரும்பினாள். “இன்னாத்த வாங்கிக் குடுத்த எங்கம்மாக்கு? ப்ளாட்பாரத்துல பொறுக்கினியா?”

“நல்ல கடையிலதான் மதினி. ஈறு நோவுறவங்களுக்குன்னே உள்ளது. பூ மாதிரி நாரு.”

“பூ மாதிரி நாருலதான் இவ்ளோ ரத்தமா? யாருக்குக் காது குத்தற?”

பீரோவைத் திறந்து அம்மாவின் புடவைகளை எடுத்துக் கட்டைப்பையில் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு புடவை உள்ளே போகும்போதும் முத்துச்செல்விக்கு அப்பாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

“மதினி, ஒரு நிமிசம். அத்தை, நீங்க எப்படித் தேய்க்கியன்னு ஒரு தடவ காட்டுங்க.”

“இன்னாது? உன்னாண்ட நா பல்லு வெளக்கிக் காட்டணுமா? ஒண்ணாங்கிளாஸ் புள்ளையா நானு?”

“காட்டும்மா,” என்றாள் சுகப்பிரியா. “இவ முன்னாடியே காட்டு. ரத்தத்த இவளும் பாக்கட்டும்.”

ரத்தம் காட்டலாம் என்றதும் மரகதத்துக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. எழுந்து வாஷ்பேசினுக்குப் போனாள். மூவரும் அந்தச் சின்ன இடத்தில் இடித்துக்கொண்டு நின்றார்கள். பொத்தானை அழுத்தியதும் பிரஷ் விர்ரென்று சுற்றியது. வாய்க்குள் போனதும் முழங்கையைத் தூக்கி, பல்லைக் கடித்து, தோசைக்கல்லின் பிசுக்கை எடுப்பது போல அழுத்தினாள். விர்ரென்ற சத்தம் அடைத்துப் போய் முனகலானது. கழுத்தில் சிவப்பு எரிந்தது. அவள் எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

“எடுங்க அத்தை! லைட்டு எரியுது, எடுங்க!”

மரகதம் சிவந்த நுரையைத் துப்பிவிட்டு, பெருமையோடு மருமகளைப் பார்த்தாள்.

“எரியணும்டி. லைட்டு எரியிற வரைக்கும் அழுத்தணும். எரிஞ்சாத்தான் ஓகே. எரியலன்னா என்ஜி.”

முத்துச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள்.

என்ஜி. ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல். சாமான் சரியில்லை, தள்ளு என்று அர்த்தம். மரகதம் வாழ்நாளில் ஒரு கம்பெனி கேட்டைத் தாண்டியவள் இல்லை. அவள் வாயில் இந்தச் சொல் எப்படி வரும்? முத்துச்செல்வியின் லைனிலும் இதைச் சொல்வார்கள். ஆனால் அங்கே சிவப்பு எரிந்தால்தான் என்ஜி. எரியாவிட்டால் என்ஜி என்று சொல்கிற ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும்.

அன்பு கார் லைனில் நட்டு முடுக்குகிறவன். முடுக்குகிற கருவிக்கு அங்கே ‘கன்’ என்று பெயர். நட்டு முழுசாக இறுகியதும் கன்னில் ஒரு சிவப்பு லைட்டு எரியும். எரியாமல் கையை எடுத்தால் அந்த வண்டி அடுத்த இடத்துக்கு நகராது, சூப்பர்வைசர் வந்து நிற்பார். “லைட்டு எரியிற வரைக்கும் அழுத்தணும் செல்வி, கை செத்துரும்,” என்று எத்தனை நாள் அவன் உள்ளங்கையை நீட்டியிருக்கிறான்! அவளும் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

மருமகள் சொன்னதை மரகதம் என்றைக்கு நம்பினாள்? அவள் வேலைக்குப் போன பிறகு மகனிடம் கேட்டிருக்கிறாள். மகன் தன் கன்னுக்கு உள்ளதைப் பிரஷ்ஷுக்கும் சொல்லியிருக்கிறான்.

திரும்பிப் பார்த்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்த அன்பு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருந்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் குனிந்து, செருகியிருந்த சார்ஜரைப் பிடுங்கி, மறுபடி செருகினான்.

சுகப்பிரியா ஒன்றும் முட்டாள் இல்லை. பிரஷ்ஷைப் பிடுங்கி, கழுவி, தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். லேசாக வைத்தால் லைட்டு இல்லை. அழுத்தினால் எரிந்தது, சுற்றுவதும் திணறியது. இரண்டு தடவை செய்து பார்த்தாள்.

“யம்மா, இது ஜாஸ்தியா அழுத்தற, வுடுன்னு சொல்ற லைட்டும்மா. எங்கூட்டுக்காரர் கார்ல பெல்ட்டு போடலன்னா எரியுமே, அந்த மாரி. நீ எரிய வச்சு எரிய வச்சு ஈற ஒரசி எடுத்துக்கினு கீற!”

மரகதத்தின் முகத்தில் முதல்தடவையாக ஒரு குழப்பம் வந்தது. கை தானாகத் தாடைக்குப் போனது.

“யாரு உன்னாண்ட எரியணும்னு சொன்னது?” என்றாள் சுகப்பிரியா.

மரகதம் வாயைத் திறந்தாள். கண் அன்பின் பக்கம் போனது. அவன் சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்தக் கண் அவன்மேல் ஒரு நொடி நின்றது, பிறகு திரும்பி முத்துச்செல்வியின் மேல் வந்து உட்கார்ந்தது. அதில் இப்போது குழப்பம் இல்லை.

“இவதான்,” என்றாள். “இவதான் சொன்னா. ‘எரியப் பிடி’ன்னா. நா புடிச்சேன்.”

“அத்தை! நா எரியப்பிடாதுன்னு சொன்னேன்!”

“அதான் சொல்றேன். எரியப் பிடி. உங்கூர் பாஷ எனக்கு இன்னா தெரியும்? ஒயுங்கா ‘எரியக் கூடாது’ன்னு தமிழ்ல சொல்றதுக்கு இன்னா?”

எவ்வளவு அழகாக ஜோடித்துவிட்டாள்! முத்துச்செல்விக்கே ஒரு கணம் அப்படித்தான் நடந்திருக்குமோ என்று தோன்றியது. ஆனால் எரியப் பிடி என்று கேட்டவள் வாயில் ஓகேயும் என்ஜியும் வராது. மரகதத்துக்குத் தன் பல் இரண்டும் போனாலும் போகட்டும். மருமகள் முன்னால் மகன் தப்புச் செய்தவனாக நிற்கக் கூடாது. அந்தப் பிடிவாதத்தைப் பார்க்க முத்துச்செல்விக்கு வெறுப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

“என்னங்க,” என்றாள். “நீங்க சொல்லுங்க. அத்தைட்ட யாரு சொன்னா?”

எல்லோரும் அன்பைப் பார்த்தார்கள்.

“எனக்கு இன்னா தெரியும்,” என்றான் அவன். “நா ஷிப்ட்ல இருந்தேன்.”

சுகப்பிரியா கட்டைப்பையைத் தூக்கினாள். “போதும். வேணும்னு சொன்னாளோ வாய் கொளறி சொன்னாளோ, எனக்குத் தெரியாது. வாம்மா, கெளம்பு.”

“மதினி, ஞாயித்துக்கிழம எங்கப்பா வாராவ. அத்தை இல்லாட்டா…”

“அதுக்கு எங்கம்மா பல்லக் குடுக்கணுமா?”

மரகதம் கிளம்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்து, துணியில் பட்ட சிவப்பைப் பார்த்தாள். மருமகள் கட்டைப்பையின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்துகொண்ட முகம்.

“நா எதுக்குப் போவணும்? எம்புள்ள வூடு,” என்றாள் நிதானமாக. “நாந்தான் மாத்தி சொன்னேன், தப்பு எம்மேலதான்னு இவ வாயால ஒத்துக்கட்டும். நா இங்கியே இருக்கேன். இவ அப்பனுக்கு நானே எல போட்டுப் பரிமாறறேன். ஒத்துக்கலியா, இப்பவே வண்டில ஏர்றேன். அவங்கப்பா வந்து நா இல்லாத வூட்டப் பாத்துட்டு வாசலோட திரும்பிப் போவட்டும்.”

முத்துச்செல்வி இன்னொரு தடவை அன்பைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். “நான் சொன்னேம்மா, எங்க லைன் ஞாபகத்துல சொல்லிட்டேன்.” இதைச் சொன்னால் யார் அவனைத் தூக்கில் போடப் போகிறார்கள்? சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, வாசலோடு திரும்பிப் போவது அவளுக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

“ஆமா மதினி,” என்றாள். “நாந்தான் சொன்னேன். எங்க ஊர்ப் பேச்சு அத்தைக்கிப் புரியல. தப்பு எம்மேலதான்.”

“கேக்கல. சத்தமா சொல்லு,” என்றாள் மரகதம்.

“தப்பு எம்மேலதான் அத்தை.”

அதோடு விட்டாளா? எழுந்து வாசலுக்கு வந்து, “லூர்து! லூர்து!” என்று கூப்பிட்டாள். எதிர் வீட்டம்மாள் கேட்டில் எட்டிப் பார்த்தாள். “காலைல கேட்டியே, ரத்தம். எம்மருமவதான் மாத்தி சொல்லிக் குடுத்துட்டாளாம், அவளே சொல்றா, கேளு!”

“ஏம்மா, பெரியவங்க வாயி. பாத்து சொல்லித் தரக் கூடாதா?” என்றாள் லூர்தம்மாள். நல்ல மனுஷிதான். அவளுக்குச் சொல்லப்பட்டதைத்தானே அவள் நம்ப முடியும்? முத்துச்செல்வி தலையாட்டினாள்.

சுகப்பிரியா புடவைகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினாள். ஸ்கூட்டியில் ஏறும்போது, “எங்கம்மாக்கு ரொம்பப் பெரிய மனசு. அத ஞாபகம் வச்சுக்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெயித்த மரகதம் தாராளமாகிவிட்டாள். ஆற வைத்த காபியை ஒரு ஓரமாக உறிஞ்சியபடி, “கோயிலுக்குப் போய்ட்டு வர்றதால சைவந்தான். வடை பாயசம் வச்சுரு. உங்கப்பாக்கு மொச்ச போட்ட கொழம்பு புடிக்குமா?” என்று கேட்டாள். பிரஷ்ஷையும் வாங்கிப் பார்த்து, “எரியக் கூடாதுன்ற… சரி, எரியாமத் தேய்க்கிறேன், வுடு,” என்றாள்.

மதிய ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். முத்துச்செல்வி அறைக்குள் வந்து யூனிபார்ம் மாற்றிக்கொண்டிருந்தபோது அன்பு கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

“சூப்பரா சமாளிச்ச செல்வி. நா பயந்தே பூட்டேன்.”

“நீங்கதான சொன்னிய?”

“ஆமா.” தலையைச் சொறிந்தான். “புதங்கெழம காலைல நைட்டு முடிச்சு வந்து படுத்தேன். லைட்டு எதுக்குடான்னு எழுப்பிக் கேட்டாங்க. தூக்கத்துல நம்ம கன் ஞாபகத்துல சொல்லிட்டேன். எரிஞ்சா ஓகே, எரியலன்னா என்ஜின்னு. தெரிஞ்சா சொன்னேன்?”

“சொன்னது பெருசில்ல. இப்பம் அங்கன நின்னுக்கிட்டு வாயத் தொறக்கலயே, அதக் கேக்கேன்.”

“அம்மா, அக்கா ரெண்டு பேரும் நிக்கறாங்க. நா தப்பு பண்ணேன்னு எப்படி நிக்கறது? உன்னன்னா நாலு நாள் பேசிட்டு வுட்ருவாங்க. எப்பியும் பேசறதுதானே, உனக்குப் பழக்கம்தானே.” கட்டிலில் சாய்ந்தான். பிறகு ஏதோ நினைவு வந்தது போலத் தலையைத் தூக்கினான். “ஒண்ணு சொல்லணும். உங்கப்பா வந்தா இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத. மாமா என்னப் பத்தி இன்னா நெனப்பாரு?”

ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டினாள். அவன் அதற்குள் கண்ணை மூடிவிட்டான். மனசில் பாரம் இல்லாதவனின் தூக்கம் அது.

வாசலில் மரகதம், “சீக்கிரம் வந்துரு, நாளைக்கு வூடு கழுவணும்,” என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு இதமாகப் பேசி முத்துச்செல்வி கேட்டதில்லை. பொய் சொன்ன வாய்க்கு இவ்வளவு மரியாதை!

கம்பெனி பஸ் நிற்கும் முனைக்கு நடந்தாள். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு டிரெய்லர் லாரி புழுதி கிளப்பிப் போனது. நிழல் இல்லாத அந்த முனையில் நின்றபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மாமியார்மேல் அவளுக்கு இப்போது கோபம் கூட இல்லை. மரகதம் முதல் நாளிலிருந்தே எதிரி, எதிரி செய்ய வேண்டியதைச் செய்தாள். ஆனால் அப்பா வந்து உட்காருவார். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்து, “எம்புள்ளைய நல்லா வச்சிருக்கிய,” என்று கையைப் பிடித்துச் சொல்வார். அதைக் கேட்டு அன்பு தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பாயசம் ஊற்றுவது?

போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

“சொல்லு தாயி!” என்றார் ஐயனார். பின்னால் அம்மாவின் குரலும் கேட்டது. “நாளைக்கி ராத்திரி வண்டிக்கி வாரோம். மாப்பிள்ளைக்கி வேட்டி சட்ட எடுத்தாச்சி. சம்பந்தியம்மாவுக்குப் பல்லு நோவுன்னியே, அவியளுக்கு மெல்ல வேண்டாமின்னு ஒங்கம்மா அல்வா வாங்கச் சொல்லிருக்கா.”

முத்துச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா, நீங்க வர வேண்டாம்.”

அவர் குரல் இறங்கியது. “ஏம்ட்டி? சம்பந்தியம்மா ஏதும் சொல்லிட்டாவளா?”

“இல்லப்பா. அவிய இருக்காவ. அவியளே எல போட்டுப் பரிமாறுவேன்னு சொல்லிட்டாவ.”

“பெறகென்ன?”

கம்பெனி பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளே இருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஏறவில்லை.

“நா அங்க வாரேம்ப்பா. நாளைக்கே வாரேன்.”

“அடி கூறுகெட்டவளே, அத மொதல்ல சொல்ல வேண்டியதான!” அவர் குரலில் உயிர் திரும்பியது. “நம்ம வீட்டுக்கு மொதத் தடவ வாரிய. மாப்பிள்ளைக்கி என்ன புடிக்கும், அதச் சொல்லு, ஒங்கம்மா கேக்கா.”

டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கதவு மூடி பஸ் நகர்ந்தது.

“அவிய வரலப்பா,” என்றாள் முத்துச்செல்வி. “நா மட்டுந்தான் வாரேன்.”